போல்ட் மாறிய துவக்கு

லண்டன் குட்மேய்ஸில் றஜீனாவின் வீட்டு மாடியில், உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்தில், சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. ஆள் உயரம். அதற்குள் நான்கு துவக்குகள். நான்குமே பழைய இராணுவ ரைஃபிள்கள். அவற்றில் வயது குறைந்ததே எண்பதைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றுக்கும் பொலிஸின் அனுமதிப்பத்திரம் இருக்கிறது.

அந்தப் பெட்டியின் திறப்பு, அதாவது சாவி, எங்கே இருக்கிறது என்று றஜீனாவுக்கு மட்டும்தான் தெரியும். சட்டம் அப்படி. பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு எவருக்கும், கட்டின புருஷனுக்கும்கூட, அது தெரியக்கூடாது. முதன்முதலில் வீடு பார்க்க வந்த பொலிஸ் அதிகாரி இதை இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு, படிவத்தில் எழுதுவதற்காக, கணவருக்கு என்ன தொழில் என்று கேட்டார்.

"திறப்பு வெட்டுறவர்" என்று றஜீனா தன் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு பெனடிக்ற்றை நிமிர்ந்து பார்த்தார். பெனடிக்ற் இரண்டு கைகளையும் உயர்த்தி, "எனக்கு அது எங்க இருக்கெண்டும் தெரிய வேண்டாம், அந்தப் பெட்டி இருக்கிற அறைப்பக்கம் போகவும் வேண்டாம்" என்றான். அதிகாரி சிரித்துவிட்டார். பெனடிக்ற் சிரிக்கவில்லை. அவன் உண்மையைத்தான் சொன்னான்.

இல்போர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு சின்னக் கடை. திறப்பு வெட்டுவான், சப்பாத்துக்குக் குதி மாற்றுவான். றஜீனாவுக்கு ஆஸ்பத்திரி வேலை. அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கித் தட்டுத் தட்டாக அடுக்கும் பகுதியில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறாள். எந்தக் கத்தரிக்கோல் எந்தத் தட்டுக்கு உரியது, எந்த இடுக்கியில் என்ன இலக்கம் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் அடுக்கிய தட்டு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் அவளோடு வேலைசெய்த இசபெல் என்பவள், "ஒருநாள் வா, நல்ல தேநீர் தருவார்கள்" என்று சரே பக்கமுள்ள, துவக்குச் சுடப் பழகும் ஒரு சுடுகளத்துக்குக் கூட்டிப்போனாள். பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் அது. இசபெல் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. றஜீனா மறுகிழமையும் போனாள், அதற்கடுத்த கிழமையும் போனாள். சுடுவதைவிட அவளைப் பிடித்து இழுத்தது அந்த இரும்பில் குத்தியிருந்த சின்னச் சின்ன முத்திரைகள்தான். ஒவ்வொரு பாகத்திலும் ஓர் இலக்கம், பக்கத்தில் அதைப் பரிசோதித்தவரின் அடையாளம், ஆண்டு. நூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் தன்னைப் போலவே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சரி சொல்லியிருக்கிறார் என்பது அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

கோவிலில் கதை பரவாமல் இருக்குமா? செபமாலைக் கூட்டத்து மரியமலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "பிள்ளை, வீட்டில துவக்கு வைச்சிருக்கிறியாமே?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா. நாலு."

"நாலோ! ஆரைச் சுட?"

"ஒருத்தரையும் இல்லை. கடுதாசியைச் சுடுறன்."

மரியமலர் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான்கு துவக்குகளிலும் றஜீனாவின் செல்லம் ஒரு லீ-என்ஃபீல்ட். 1916இல், வட லண்டனில், அதே என்ஃபீல்டில் செய்தது. அதன் இலக்கம் 6389. குழலில் 6389, மூக்குக் கவசத்தில் 6389, குறிபார்க்கும் தகட்டில் 6389. இப்படி எல்லாப் பாகமும் பிறந்தபடியே சேர்ந்திருப்பது அபூர்வம். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பழைய ஆயுத வியாபாரியிடம் அதைக் கண்டபோது அவள் கண்ணாடியைக்கூடத் தேடாமல் இலக்கங்களை வாசித்தாள். போல்ட்டையும் எடுத்துப் பார்த்தாள். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற உருளை. துவக்கிலிருந்து தனியாகக் கழன்று வரும். அதன் பிடிக்குப் பின்புறமும் இலக்கம் இருந்தது. சரி என்று வாங்கி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, துணியை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், போல்ட்டில் இருந்தது 6839.

மூன்றும் எட்டும் இடம் மாறியிருந்தன. வேலையில் ஒரு தட்டில்கூடப் பிழைவிடாதவள், தன் சொந்தத் துவக்கில் பிழைவிட்டுவிட்டாள். வியாபாரியைக் கேட்டால், பெட்டியில் வந்தபடி கொடுத்தேன், எனக்கு வேறொன்றும் தெரியாது என்றான். அன்றிலிருந்து அவள் தேடினாள். கண்காட்சிகளில் தேடினாள், இணையக் குழுக்களில் எழுதிக் கேட்டாள். உண்மையான போல்ட் உலகத்தில் எங்கே கிடக்கிறதோ என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பெருமூச்சு விட்டபோது, பெனடிக்ற் புட்டைக் குழைத்தபடி, "அதுக்கும் ஒரு குடும்பம் இருக்கும், விடும்" என்றான்.

இந்த வருஷம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. சுடுகளத்தில் அவளுக்குப் பக்கத்துப் பாயில் ஒரு புதியவர் படுத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும்; மூக்கு நுனியில் கண்ணாடி. சுடுவதை நிறுத்தச் சொல்லி விசில் ஊதியதும் எல்லோரும் போல்ட்டைக் கழற்றிப் பாயில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அந்த மனிதருடையதும் ஒரு லீ-என்ஃபீல்ட். றஜீனாவுக்கு ஒரு பழக்கம், எந்தத் துவக்கைக் கண்டாலும் அவளுடைய கண் முதலில் இலக்கத்துக்குத்தான் போகும். அவருடைய பாயில் கிடந்த போல்ட்டைக் குனிந்து பார்த்தாள்.

6389.

"ஐயோ மாதாவே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

அந்த மனிதர் திரும்பினார். "நீங்க தமிழா?"

"ஓம்."

"அட! நான் பாஸ்கரன். ஹரோவில இருக்கேன். ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுக்கிற டாக்டர். இதுவரைக்கும் ஞாயித்துக்கிழமைதான் வருவேன். இங்க ஒரு தமிழ் முகத்தைப் பார்ப்பேன்னு நினைக்கவே இல்லை."

"டொக்டர், உங்கட துவக்கை ஒருக்காப் பாக்கலாமோ?"

"எதைத் துவக்கணும்?"

"துவக்கிறேல்லை. துவக்கு. இது." அவள் கையால் காட்டினாள்.

"ஓ, துப்பாக்கியா!" அவர் சந்தோஷமாக நகர்ந்து இடம் கொடுத்தார். "தாராளமாப் பாருங்க. எல்லா நம்பரும் மேட்சிங். ஒரு பழைய மெம்பர் ஊரைவிட்டுப் போறப்ப அவர்கிட்ட வாங்கினது."

"அவர் எங்க வாங்கினவர்?"

அவர் சொன்ன பெயர் அதே வியாபாரியின் பெயர். அதே வருஷம். றஜீனாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துவக்குகளை அனுப்பும்போது போல்ட்டுகளைத் தனியாகக் கழற்றி வேறு பெட்டியில் அனுப்புவார்கள். அந்தக் கடையில் யாரோ ஒருவர் 6389ஐயும் 6839ஐயும் அவசரத்தில் மாற்றிப் பூட்டிவிட்டிருக்கிறார்.

"டொக்டர், வாசியுங்கோ. உங்கட துவக்கில என்ன இலக்கம்?"

"ஆறு, எட்டு, மூணு, ஒன்பது."

"போல்ட்டில?"

"ஆறு, மூணு..." அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அட ஆமா! ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் மேட்சிங்னு பெருமையாச் சொல்லிட்டிருக்கேனே!"

அவள் தன்னுடையதையும் கொண்டுவந்து அவருடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். நான்கு இலக்கங்களையும் இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. அவளிடம் அவருடையது, அவரிடம் அவளுடையது.

"அப்ப மாத்துவம்" என்றாள் றஜீனா.

பாஸ்கரன் தன் போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருஷம் நான் சுடற மாதிரி வாழ்நாள்ல சுட்டதில்லை. எல்லாம் குறியோட நடுக் கருப்புல விழுது. நம்பர் எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும். நல்லாத் தூங்கிட்டிருக்கிற பேஷண்ட்ட நான் தட்டி எழுப்ப மாட்டேன். முடியாதுங்க."

அன்றைக்கு அவள் குட்மேய்ஸ் வரைக்கும் வானொலிகூடப் போடாமல் காரோட்டி வந்தாள். பெனடிக்ற் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"கண்டுபிடிச்சிட்டன்" என்றாள்.

"எதை?"

"என்ர போல்ட்டை. ஹரோவில ஒரு டொக்டரிட்ட இருக்கு. தரமாட்டாராம்."

பெனடிக்ற் கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அவளுடைய கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தாலா வேறெதனாலா என்று கேட்குமளவுக்கு அவன் முட்டாள் இல்லை. "சாப்பிட்டிட்டு யோசிப்பம்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை றஜீனா ஒரு பெட்டி நிறைய ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனாள். பாஸ்கரன் இறைச்சி தொடாத மரக்கறிக்காரர். பெட்டியைக் களத்திலிருந்த வெள்ளைக்காரர்கள் ஐந்து நிமிஷத்தில் காலிசெய்தார்கள். அதற்கடுத்த கிழமை உருளைக்கிழங்கு வைத்துச் சுட்டுக்கொண்டு போனாள். பாஸ்கரன் நான்கு தின்றார். "பிரமாதம்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, "ஆனா முடியாது" என்றார்.

"நீர் பிழையான ஆளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்" என்றான் பெனடிக்ற். "அவரை விடும். அவற்ர மனுசியையும் சேத்து வீட்டுக்குக் கூப்பிடும்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, பாஸ்கரனும் கனகவல்லியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கனகவல்லி ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துபவள், நாகர்கோவில்காரி. புருஷன் கத்தரிக்காய்க் குழம்போடும் பருப்போடும் நின்றுவிட, அவள் கணவாய் மீன் கறியை இரண்டு தரம் போட்டுக்கொண்டாள். "இத்தனை வருஷமா இவரோட சேர்ந்து நானும் சாம்பார்லயே மூழ்கிட்டேன். இது மன்னார்ப் பக்கமா?" என்று கேட்டு, செய்முறையையும் கைப்பேசியில் எழுதிக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும், "அந்தத் துப்பாக்கியை நானும் பார்க்கலாமா?" என்றாள்.

றஜீனா எழுந்தாள். அதே நேரத்தில் பெனடிக்ற்றும் எழுந்து, தோட்டத்தில் ரோசாவுக்குத் தண்ணீர் விடவேண்டும் என்றபடி பின்கதவால் வெளியே போனான். அன்று காலைதான் நல்ல மழை பெய்திருந்தது.

மேலே, துணியை விரித்து, றஜீனா 6389ஐக் கிடத்தினாள். கனகவல்லி தொடாமல் குனிந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, ஈர ரோசாச் செடிக்குக் குழாய் பிடித்துக்கொண்டு நிற்கும் பெனடிக்ற்றையும் பார்த்தாள்.

"ஒண்ணு கேட்பேன், தப்பா நினைக்காதீங்க. அங்க சண்டையில அவ்வளவையும் பார்த்துட்டு வந்தவங்க நீங்க. இதை வீட்டுக்குள்ள வெச்சுக்க எப்படி மனசு வந்தது?"

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். றஜீனா எப்போதும் ஒரு பகிடியைச் சொல்லிக் கடந்துபோவாள். கனகவல்லி கேட்ட விதத்தில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதனால் அவள் பதில் சொன்னாள்.

"பயந்தான். முதல் நாள் அங்க பாயில படுத்திருக்கேக்க என்ர கை நிண்டு நடுங்கினது. பேந்து அதைக் கழட்டிக் காட்டிச்சினம். ஒரு சுருள், ஒரு ஊசி, ரெண்டு மரத்துண்டு, கொஞ்ச இரும்பு. எல்லாம் துணியில பிரிஞ்சு கிடந்தது. இதுக்கோ நாங்கள் பிள்ளை குட்டியளைத் தூக்கிக்கொண்டு ஓடினனாங்கள் எண்டு இருந்தது. கழட்டிப் பூட்டத் தெரிஞ்ச பிறகு எனக்குப் பயம் போயிட்டுது." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "அவருக்குப் போகேல்லை. பத்தொன்பது வயசில றோட்டுச் சென்றிப் பொயின்ரில மறிச்சு, நெஞ்சில துவக்கை வைச்சு ஒரு மணித்தியாலம் நிப்பாட்டி வைச்சவங்கள். அதால அவர் பாக்கமாட்டார். நான் பாக்கச் சொல்லிக் கேக்கிறதுமில்லை."

கனகவல்லி றஜீனாவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டாள், அவ்வளவுதான். பாஸ்கரன் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். புறப்படும்போது கணவாய்க் கறிப் பொட்டலத்தை மனைவிக்காக வாங்கிக்கொண்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டே, "மேடம், போல்ட் விஷயம் மட்டும்..." என்று இழுத்தார்.

"விடுங்கோ டொக்டர். சாப்பிடத்தான் கூப்பிட்டனான்" என்றாள் றஜீனா. அதைச் சொன்னபோது அது உண்மையாகவே இருந்தது.

மூன்று கிழமை கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையில் தேநீர் இடைவேளை நேரம், அவளுடைய கைப்பேசி அடித்தது.

"மேடம், என் நிம்மதியை மொத்தமாக் கெடுத்துட்டீங்க!"

"ஆர், டொக்டரோ? என்ன நடந்தது?"

"என்ன நடந்ததா? துப்பாக்கியைக் கையில எடுத்தா அந்த நம்பர்தான் கண்ணுல படுது. முன்னாடி அழகா இருந்துச்சு. இப்ப பார்த்தா, வேற யாரோ வீட்டுச் செருப்பை மாட்டிட்டு வந்த மாதிரி இருக்கு. ஆபரேஷன் தியேட்டர்ல பேஷண்ட் நம்பரைச் சரிபார்க்கிறேன், கண்ணு ஆறு மூணு எட்டு ஒன்பதைத் தேடுது. போன சனிக்கிழமை பத்துல நாலு வெளிய போச்சு. எல்லாம் உங்களாலதான்."

றஜீனா சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் தேநீர் மேசையில் சிந்தியது. "அப்ப மாத்துவமோ?"

"மாத்தலாம். ஒரே கண்டிஷன். ரெண்டையும் சரியான ஆள் பார்க்கணும். ரெண்டுல ஒண்ணு சரியா வரலைன்னாலும் பழையபடி திருப்பிடணும்."

"ஓம். சரி. ஓமோம்."

போல்ட்டை ஒருவர் மற்றவரிடம் சும்மா நீட்டிவிட முடியாது. அதுவும் சட்டத்தின் கண்ணில் துவக்கின் பாகம்தான். பதிவுபெற்ற ஆயுதத் தொழிலாளி ஒருவர் மூலமாகத்தான் செய்ய வேண்டும். பொலிஸுக்கு எழுதி, இரண்டு பத்திரங்களிலும் எல்லாம் ஒழுங்காக வருவதற்கு ஆறு கிழமை பிடித்தது. ஜூன் மாதத்து ஒரு காலையில், றொம்ஃபர்டுக்கு அப்பால் ஒரு பட்டறையில் சந்திப்பதாக ஏற்பாடு.

காலையில் எழும்பினதிலிருந்து றஜீனா பத்திரங்களை மூன்று தரம் எடுத்துச் சரிபார்த்துவிட்டாள். "இண்டைக்கு என்னால கார் ஓட ஏலாது" என்றாள்.

பெனடிக்ற் தன் வான் வண்டியின் திறப்பை எடுத்தான். "கொண்டுபோய் விடுறன். ஆனா நான் வாசலிலதான் நிப்பன்."

பட்டறைக்காரர் அகலமான தோளுள்ள வெள்ளைக்காரர், தோல் ஏப்ரன் கட்டியிருந்தார், அதிகம் பேசமாட்டார். செய்யப்போவதை மட்டும் சுருக்கமாகச் சொன்னார். போல்ட்டைப் பூட்டினால் அதன் முகத்துக்கும் குழலுக்கும் நடுவே தோட்டா இருக்கத் துல்லியமான இடம் வேண்டும். இடம் குறைந்தால் பூட்டாது. கூடினால் சுடுவது ஆபத்து. அதை அளக்க அவரிடம் இரண்டு சின்ன உருக்குக் கட்டைகள் இருந்தன. முதல் கட்டையை வைத்தால் போல்ட் பூட்ட வேண்டும். இரண்டாவதை வைத்தால் பூட்டக்கூடாது.

போல்ட்டுகளை மாற்றிப் போட்டு, பாஸ்கரனுடைய துவக்கை முதலில் எடுத்தார். முதல் கட்டை, பூட்டியது. இரண்டாவது, பூட்டவில்லை. தலையை ஆட்டி அதை ஓரமாக வைத்தார். பாஸ்கரன் தன் 6839களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பரீட்சையில் முதலாவதாக வந்தவர் போல அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

பிறகு றஜீனாவுடையது. முதல் கட்டை, பூட்டியது. இரண்டாவது கட்டை. போல்ட் வழுக்கிக்கொண்டு போய், கிளிக் என்று, அதிலும் பூட்டியது.

பட்டறைக்காரர் இன்னொரு தரம் செய்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் தேநீர் போடட்டுமா என்று கேட்டார். இந்த நாட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தவளுக்கு கெட்ட செய்திக்கு முன்னால் கேட்கும் அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாதா? இடைவெளி கூடிவிட்டது. சொந்த போல்ட்டோடு அந்தத் துவக்கைச் சுடமுடியாது.

பாஸ்கரன் தன் துவக்கிலிருந்து கையை எடுத்தார். "சொன்ன மாதிரியே பழையபடி மாத்திடலாம் மேடம். எனக்கு ஒண்ணும் இல்லை."

அவருக்கு ஒன்றும் இல்லை என்பது எவ்வளவு பெரிய பொய் என்று அவருடைய முகத்தைப் பார்த்த எவருக்கும் தெரியும். றஜீனா அவருடைய துவக்கை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "வேண்டாம் டொக்டர்" என்றாள். "உங்கடது சரி வந்திட்டுது. அதைக் குழப்ப வேண்டாம். என்ரயை நான் இனிச் சுடாமல் வைச்சிருக்கிறன். இலக்கமாவது சேந்து இருக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, தன் துவக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எட்டு வருஷத்தில் அவள் மிகவும் விரும்பிச் சுட்ட துவக்கு அது.

"அந்த முன்துண்டு கழருமோ?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெனடிக்ற். வாசலில் நிற்பதாகச் சொன்னவன் எப்போதோ இரண்டடி உள்ளே வந்திருந்தான். அவனுடைய பார்வை துவக்கில் இல்லை. மேசையில் தனியாகக் கிடந்த போல்ட்டின் நுனியில் இருந்தது.

றஜீனா கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னாள். பட்டறைக்காரர் தலையாட்டினார். ஓம், போல்ட்டின் தலை திருகிக் கழற்றுவதுதான். தலைக்கு இலக்கம் கிடையாது, உடம்புக்குத்தான் இலக்கம். ஒரு மயிரிழை நீளமான தலையைப் போட்டால் சரிவரலாம். தன்னிடம் பழைய தலைகள் ஒரு டின் நிறைய இருக்கின்றன, ஆனால் அவற்றை அளந்து பிரித்தது கிடையாது, அதற்கு நேரமும் கிடையாது, குளிர்காலத்தில் வந்தால் பார்க்கலாம் என்றார்.

பெனடிக்ற் தன் ஜாக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டான். "எனக்கு இண்டைக்கு வேற வேலையில்லை. டின்னைத் தரச் சொல்லும்."

அவனுடைய வானில் எப்போதும் ஓர் அளவுமானி கிடக்கும். அதை எடுத்துவந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் துணியை விரித்தான். பழைய பிஸ்கற் டின்னைப் பட்டறைக்காரர் அவன் முன்னால் கவிழ்த்தார். நாற்பத்து மூன்று தலைகள், கிரீஸ் பிடித்து, கறுத்து. றஜீனா தூரிகையை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். அது அவளுக்குக் கைவந்த வேலை. பெனடிக்ற் அளந்து, அளவைச் சொல்லி, துணியில் குட்டையானதிலிருந்து நெட்டையானது வரை வரிசையாக வைத்தான். பாஸ்கரன் ஒரு கடுதாசியில் எல்லாவற்றையும் எழுதினார். டாக்டர் கையெழுத்து. பெனடிக்ற் எட்டிப் பார்த்துவிட்டு, "டொக்டர், இது மருந்துச் சீட்டு மாதிரிக் கிடக்கு. வாசிக்கிறமாதிரி எழுதுங்கோ" என்றான். பாஸ்கரன் முதலிலிருந்து மறுபடி எழுதினார்.

மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் பெனடிக்ற் மூன்றைப் பொறுக்கித் தள்ளிவைத்தான். "இந்த மூண்டுக்குள்ளதான் இருக்கு."

பட்டறைக்காரர் முதலாவதைத் திருகினார். அது இருக்கவேண்டிய இடத்தில் உட்காரவில்லை. இரண்டாவது நீளம் கூடிவிட்டது. முதல் கட்டையிலேயே பூட்ட மறுத்தது. மூன்றாவதைப் போட்டார். முதல் கட்டை. பூட்டியது. இரண்டாவது கட்டை. போல்ட் பாதி இறங்கி, நின்றது. கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. கழற்றி, திரும்பவும் பூட்டி, மூன்று தரம் பார்த்துவிட்டு, "சரி" என்று ஒரேயொரு சொல் சொன்னார்.

முதலில் கத்தியது பாஸ்கரன்தான். பக்கத்துப் பட்டறையில் கார் திருத்திக்கொண்டிருந்தவன் ஓடிவந்து என்ன நடந்தது என்று எட்டிப் பார்த்தான். றஜீனா போல்ட்டையும் துவக்கையும் சேர்த்துப் பார்த்தாள். ஆறு, மூன்று, எட்டு, ஒன்பது. இன்னொரு தரம் வாசித்தாள். ஆறு, மூன்று, எட்டு, ஒன்பது.

திரும்பி வரும் வழியில் அவள் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?"

பெனடிக்ற் சிவப்பு விளக்கில் வானை நிறுத்தினான். "இருந்தது. நான் துவக்கைப் பாக்கேல்லை. துண்டை மட்டும் பாத்தன். துண்டெண்டால் அது திறப்பு மாதிரித்தானே." விளக்கு பச்சையானது. "பசிக்குது. அப்டன் பார்க்கில கிறீன் ஸ்ட்ரீற் பக்கம் போய் மசாலாத் தோசை சாப்பிடுவமோ?"

"அப்டன் பார்க் இப்ப எங்க கிடக்கு, நாங்கள் எங்க நிக்கிறம்!"

"நானெல்லோ ஓடுறன்" என்று சொல்லி அவன் வானைத் திருப்பினான்.

அடுத்த சனிக்கிழமை நான்கு பேருமாகச் சுடுகளத்துக்குப் போனார்கள். கனகவல்லிக்குத் தமிழ் வகுப்பு விடுமுறை. அவளும் பெனடிக்ற்றும் தேநீர்க் கொட்டிலில், காதுக்கு மூடியைப் போட்டுக்கொண்டு, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். றஜீனா பத்துத் தோட்டா சுட்டாள். பத்தும் ஓர் உள்ளங்கை அளவுக்குள் நெருக்கமாக விழுந்திருந்தன, ஆனால் நடுப்புள்ளிக்கு ஒரு சாண் கீழே. போல்ட் மாறினால் குறியும் கொஞ்சம் மாறத்தான் செய்யும், திருத்திக்கொள்ளலாம். பாஸ்கரனுக்குப் பத்தில் ஒன்பது கருப்பில். அவர் தன் கடுதாசியை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். றஜீனாவும் தன்னுடையதைக் காட்டினாள். குறி தப்பிய கடுதாசியை இவ்வளவு பெருமையோடு காட்டுகிற ஒருத்தியைக் களத்தின் பொறுப்பாளர் அதுவரை கண்டதில்லை.

திங்கட்கிழமை பின்னேரம், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பெனடிக்ற்றின் கைப்பேசி அடித்தது. அவன் நாலைந்து தரம் "யெஸ், யெஸ்" என்றான். பிறகு "வெட்னஸ்டே, ஓகே" என்றான்.

"ஆரது?" என்றாள் றஜீனா.

"பட்டறைக்காரர். அவரிட்ட இன்னும் பன்னிரண்டு டின் கிடக்காம், எல்லாம் கலந்து. புதன்கிழமையில கடை பூட்டுத்தானே, வந்து பிரிச்சுத் தருவியோ எண்டு கேக்கிறார்."

"பன்னிரண்டோ!" அவள் எழும்பிவிட்டாள். "நானும் வரட்டே? நான் லீவு எடுக்கலாம்."

"நீர் வேண்டாம். நீர் வந்தால் ஒவ்வொண்டுக்கும் இலக்கம் வாசிச்சுக்கொண்டு நிப்பீர், வேலை நடவாது." அவன் அளவுமானியைத் துடைத்து உறைக்குள் போட்டான். "மத்தியானச் சாப்பாடு மட்டும் கட்டித் தாரும். அவருக்கும் சேத்து."